அமேசானில் சோழருக்கு இடமில்லை

கார்த்திகை 8, சனி இரவு.

பாரிஸ் லா சப்பல் தமிழ்ச் சங்க விழாவுக்கு நான் எழுதிய நாடகத்தைத் தலைவர் இன்று படித்தார். கதை இதுதான்: பொன் தேடி அமேசான் ஆற்றில் இறங்கிய ஸ்பானியர் பசியில் இடுப்புத் தோல்வாரை அவித்துத் தின்கிறார்கள். கரைச் சனம் ஆமை இறைச்சி கொடுத்துக் காப்பாற்றுகிறது. உண்ட கையோடு அந்த மண் தங்கள் ராசாவுடையது என்கிறார்கள். பட்டினித் தளபதி நான்தான், இந்தத் தொந்தியோடு.

"நல்லாத்தான் கிடக்கு, தம்பி. அவங்களுக்கு முன்னம் எங்கடை சோழர் அங்கை கொடி நட்டதெண்டு ஒரு காட்சி போடும்."

"சோழர் அந்தப் பக்கம் போகேல்லை, அண்ணை."

"சனத்துக்குத் தெரியவே போகுது? போடாட்டில் மேடை இல்லை."

சோறு போட்டவனின் ஆற்றை நாமும் பறித்தோம் என்பதில் என்ன பெருமை? எழுதமாட்டேன். நாளை நாடகத்தை என் மச்சானின் சலூனில் நடிப்பேன். ஞாயிறு காலை தலைவர் அங்கேதான் தலைக்கு மை பூசுவார். மை காயும்வரை அவரால் எழுந்து போக முடியாது.