ஐஸ் விற்றவரின் வீட்டிலிருந்து பனிமலைக்கு

இஞ்சாருங்கோ,

கட்டிய நாளிலிருந்து உங்களைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. செத்தவீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டு அழுதேன். இப்போது "அன்புள்ள கணவருக்கு" என்று தொடங்கினால், யாரோ வேறு ஆளுக்கு எழுதுகிறாள் என்று நீங்களே மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். அதனால் பழைய கூப்பிடுகையே இருக்கட்டும். கொஞ்சம் காது தாருங்கள்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவு மலரில் போட நாலு வரி எழுதித் தரும்படி கோயில் சபையில் கேட்டார்கள். நாலு வரிக்குள் அடங்குகிற ஆளா நீங்கள்? இது எல்லோரும் வாசிக்கப் போகிற கடிதம் என்று தெரியும். வாசிக்கட்டும். பூசை முடிந்து மலர் கைக்கு வரும்போது நான் கோயிலில் இருக்கமாட்டேன். "றோசலின் எங்க? மனுசன்ர ஆண்டுப் பூசைக்குக்கூட நிக்கேல்லையோ?" என்று முணுமுணுக்கப் போகிறவர்களுக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

நான் எங்கள் மகள் ஜெசியிடம் போகிறேன். ஒஸ்லோவுக்கு. உங்கள் ஆண்டு நாளன்று, அவள் வேலை செய்கிற பனிமலையில் நிற்பேன்.

இந்தப் பயணத்துக்கு முதலில் திட்டம் போட்டவர் நீங்கள்தான். உங்களைத் தெரியாத யாரும் இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: இவர் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு, மீன் பழுதாகாமல் வைக்க ஐஸ் கொண்டுவந்து கொடுத்தவர். கட்டிகளை உமிக்குள் புதைத்து, சாக்கால் மூடி, மேலே தார்ப்பாயும் இழுத்துக் கட்டித்தான் லொறியை எடுப்பார். அப்படியும் நெடுங்கேணி தாண்ட முதல் பின்னால் தண்ணீர் ஒழுகத் தொடங்கிவிடும். "கடவுள் எனக்கு நல்ல தொழில் தந்தார் பார். கொண்டுபோய்ச் சேர்க்க முதல் சாமான் தண்ணியாப் போகுது" என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஜெசி கலியாணம் கட்டி நோர்வேக்குப் போய், அந்த மலையில் இருக்கிற சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை எடுத்தபோது, மற்றத் தகப்பன்மார் கேட்கிற எதையும் நீங்கள் கேட்கவில்லை. "ஸ்னோ எவ்வளவு ஆழத்துக்குக் கிடக்குது பிள்ளை?" என்றுதான் கேட்டீர்கள். மத்தியான இடைவேளைக்கு அவள் வெளியே வந்து, வாங்குப் பலகையில் இருந்து, வீடியோ கோல் எடுப்பாள். இங்கே அப்போது பின்னேரம். நீங்கள் லொறியைக் கழுவிவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டுக் காத்திருப்பீர்கள். நகரத்து ரயிலில் ஏறி அரை மணித்தியாலத்தில் இறங்கினால் மலை. பிள்ளை குட்டி எல்லாம் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்கி வருவார்கள். நான் அவர்களைப் பார்த்து, விழுந்துவிடப் போகிறார்களே என்று வாயைப் பொத்துவேன். உங்கள் கண் அவர்கள்மேல் போகாது. கீழே கிடந்ததையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"உமியும் இல்லை, சாக்கும் இல்லை. வெயிலுக்க சும்மா கிடக்குது. கரையேல்லையே!"

ஒருமுறை ஸ்னோ குறைவாக விழுந்த காலத்தில், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற பெரிய காற்றாடி ஒன்றை அவள் காட்டினாள். அது தண்ணீரைக் குளிர்காற்றில் ஊத, வெள்ளை வெள்ளையாக விழுந்தது. நீங்கள் கதிரையை விட்டே எழும்பிவிட்டீர்கள்.

"அப்ப அங்கயும் செய்துதான் போடுறாங்களோ? அடி பிள்ளை, அது என்ர தொழிலெல்லே!"

"ஓம் அப்பா. அதுக்கெண்டே ஒராள் நிக்கிறார்."

"கரண்ட் போனால் அந்தாள் என்ன செய்யும் எண்டு கேட்டுச் சொல்லு."

"இஞ்ச கரண்ட் போறேல்லை அப்பா."

"சீ! அப்ப சுகமான வேலை."

உங்கள் முகம் வாடியதைப் பார்த்து நாங்கள் தாயும் மகளும் எவ்வளவு சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து பெயர் தெரியாத அந்த நோர்வேக்காரர் உங்கள் கூட்டாளி ஆகிவிட்டார். ஜெசி எடுத்தால் முதலில் அவரைத்தான் விசாரிப்பீர்கள். "அங்க வந்தால் அவருக்குக் கையைக் குடுத்து, நானும் உங்கட ஆள்தான் எண்டு சொல்ல வேணும்" என்றீர்கள். மலையுச்சிக்குக் கம்பியில் ஆட்களைக் கொண்டுபோகிற கதிரையிலும் ஏற வேண்டுமாம். அது ஆளை ஏற்றவும் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும் என்று ஜெசி பயப்படுத்தினாள். "எங்கட பஸ் மட்டும் நிண்டே ஏத்துது?" என்று ஒரே சொல்லில் அவள் வாயை அடைத்தீர்கள்.

விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் அவள் எங்கள் இரண்டு பேருக்கும் குளிருக்குப் போடுகிற ஜக்கெற் கொடுத்தனுப்பினாள். உங்களுக்கு நீலம், எனக்கு நல்ல சிவப்பு. எனக்கு ஒஸ்லோவில் போட்டுப் பார்த்தால் போதும். உங்களுக்குப் பொறுக்கவில்லை. அந்த முல்லைத்தீவு வெயிலில் நீலத்தை மாட்டிக்கொண்டு, கரையில் ஐஸ் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தீர்கள். வெளியே வரும்போது உங்கள் மீசையில் நீர் துளிர்த்திருந்தது. "றோசலின், குளிர் ஏறேல்லை. நான் றெடி" என்றீர்கள். மீன் நாற்றம் இன்றைக்கும் அந்த ஜக்கெற்றை விட்டுப் போகவில்லை.

நீங்கள் றெடி. விசாவும் வந்தது. பிறகு ஒரு நாள் ஐஸ் இறக்கிவிட்டு வந்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. இத்தனை ஆசையையும் எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள்?

ஜெசி வரவில்லை. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது கையில் கிடைக்க முதல் நீங்கள் சேமக்காலையில் மண்ணுக்குள் போய்விட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் போனைப் பிடித்துச் செத்தவீட்டைக் காட்டினாள். பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளை வா, வா என்று எத்தனை தரம் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளை விட்டுவிடுங்கள், என் கதையைக் கேளுங்கள். நான் நல்ல கைம்பெண்ணாகத்தான் இருந்தேன். வெள்ளைச் சேலை, கோயில், வீடு. லொறியை உங்கள் மருமகன், உங்கள் தமக்கையின் மகன், ஓட்டுகிறான். ஆனால் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் உங்கள் நம்பர்தான் கைப்பழக்கம். அதனால் உங்கள் போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். யார் எடுத்தாலும் கேட்டு, மருமகனுக்குச் சொல்லிவிடுவேன். ஆண்டு முடிந்து, வெள்ளையையும் மாற்றிய பிறகு சித்திரையில் ஒஸ்லோ போவதாக டிக்கெற்றும் போட்டாயிற்று.

போன தை மாதம், ஒரு பின்னேரம் மீன் வெட்டிக்கொண்டிருக்க, உங்கள் போன் அடித்தது. கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பெயரைப் பார்க்காமல் எடுத்தேன்.

"ஓம், எத்தினை கட்டி வேணும்?"

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா எங்க அம்மா?" என்றாள் ஜெசி.

அவளே பிறகு சொன்னாள். "ஸ்னோ மிசின் போட்டிருக்கினம் அம்மா. அப்பாக்குக் காட்டுவம் எண்டு ஓடி வந்தனான். கை தன்ர பாட்டில எடுத்திட்டுது."

நீங்கள் போன நாளிலிருந்து அவள் இடைவேளைக்கு வெளியே வருவதில்லையாம். குசினிக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறைக்குள் இருந்து சாப்பிடுகிறாளாம். "ஏன் பிள்ளை ஊருக்கு வராமல் நிக்கிறாய்?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வந்தால் அப்பா இல்லையெண்டு ஆயிடும் அம்மா. வராமல் இருந்தால் அவர் அங்க நிக்கிறார்."

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மீனை வெட்டி முடித்தேன். பிறகு டிக்கெற்றை மாற்றச் சொன்னேன். உங்கள் ஆண்டு நாள் காலையில் போய் இறங்குகிற மாதிரி.

உங்கள் தமக்கை பிலோமினா மச்சாள் கேள்விப்பட்டு வந்து நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் சிவப்பு ஜக்கெற் விரித்தபடி கிடந்தது.

"என்ன கோலமடி இது? என்ர தம்பிக்கு ஆண்டு முடியேல்லை. நீ சிவப்பைப் போட்டுக்கொண்டு மலையில சறுக்கப் போறியோ?"

"வெள்ளையோட ஸ்னோவுக்க நிண்டால் என்னைக் காணேலாதாம் மச்சாள். ஜெசி சொல்லுறாள்."

"பகிடி விடாத. குளிரெண்டால் அவன்ர நீலத்தைப் போட்டுக்கொண்டு போ. ஆரும் ஒண்டும் சொல்லாயினம்."

அது எனக்கும் தோன்றாத யோசனை அல்ல. நீலத்தை எடுத்துப் போட்டும் பார்த்தேன். முழங்காலுக்கு வந்தது. உங்களுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கழற்ற மனம் வரவேயில்லை. ஆனால் அந்த நீலத்தை எதிர்பார்த்து ஒரு பிள்ளை அங்கே இருக்கிறது. தூரத்தில் நீலம் தெரிந்தால் அவளுடைய நெஞ்சு ஒரு கணம் "அப்பா" என்று துள்ளும். அந்தத் துள்ளலை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?

"மச்சாள், நான் சறுக்கப் போகேல்லை" என்றேன். "செத்தவீட்டுக்குப் போறன்."

அவ என்னைப் பார்த்தா.

"எங்களுக்கு அண்டைக்கு நீங்கள் இருந்தனீங்கள். படலைக்குள்ள வந்த ஒவ்வொரு பொம்பிளையும் என்னைக் கட்டிப்பிடிச்சு, ஒப்பாரி வைச்சு, ஒப்புச் சொல்லி அழுதது. நானும் தொண்டை கிழிய அழுதன். அதாலதான் இண்டைக்கு எழும்பித் திரியிறன். என்ர பிள்ளையை ஆர் கட்டிப்பிடிச்சது? அவளின்ர மனுசன் நல்ல பெடியன், அவளைத் தேத்துறான். தேத்துறதும் கூட இருந்து அழுறதும் ஒண்டே மச்சாள்? அவளுக்கு இன்னும் தகப்பன்ர செத்தவீடு நடக்கேல்லை."

மச்சாள் கட்டிலில் இருந்துவிட்டா. உங்களுக்குத் தெரியும், அவ லேசில் இளகுகிற மனுசி இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சண்டைக்கு வந்த அதே குரலில் சொன்னா:

"செத்தவீட்டுக்கு வெறுங்கையோட போறேல்லை. அந்த வீட்டில அடுப்பு மூட்டாயினம். நான் றொட்டியும் இடிச்ச சம்பலும் கட்டித் தாறன். பூசையையும் கல்லறையில மெழுகுதிரியையும் நான் பாக்கிறன். நீ போயிட்டு வா."

பிறகு அவவே சிவப்பு ஜக்கெற்றை எடுத்து மடித்து, பெட்டியில் மேலாக வைத்தா.

நீலத்தை உங்கள் மருமகனிடம் கொடுத்துவிட்டேன். ஐஸ் அறைக்குள் போகும்போது போடுகிறான். கோபமில்லையே?

ஜெசிக்கு அன்றைக்கு லீவு இல்லையாம், சனம் கூடுகிற நாளாம். "என்ர மனுசன் வந்து உங்களை வீட்டை கூட்டிக்கொண்டு போவார், நான் பின்னேரம் வாறன்" என்றாள். வீட்டுக்கு வேண்டாம், நேரே மலைக்குக் கொண்டுவரச் சொல் என்றேன். ரயில், இறங்குமிடம், வழுக்காத சப்பாத்து என்று இப்போது அவள் நாளுக்கு நாலு தரம் எடுத்து ஒழுங்கு சொல்கிறாள். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. கம்பிக் கதிரையில் என்னை ஏற்றாமல் விடமாட்டாளாம். ஏறுவேன். உங்கள் கூட்டாளியைக் கண்டால் கையும் கொடுப்பேன். பாஷை தெரியாது. ஆனாலும் தொழில்காரன் வீட்டுக் கை என்று தெரிந்துகொள்ளமாட்டாரா?

உங்களை விட்டுவிட்டு அதையெல்லாம் பார்க்க எனக்கு ஆசையில்லை. எந்த வெள்ளையைப் பார்த்தாலும் பக்கத்தில் திரும்பி, "பாருங்கோ" என்று சொல்லத்தான் வாய் வரும். திரும்புகிற பக்கத்தில் நீங்கள் இல்லை என்பதை இன்னும் எத்தனை இடத்தில் போய் நான் படிக்க வேண்டும்? நான் உங்களைத் தேடுகிறேன். ஆண்டு முடிந்தாலும் தேடுவேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இது உங்கள் கல்லறையில் கை வைத்துச் சொன்ன சொல். இங்கே உங்களுக்குப் பூசை நடக்கிற நாளில் அவள் அந்தச் சாமான் அறைக்குள் இருக்கமாட்டாள். இடைவேளைக்கு வெளியே வந்து நிற்பாள். நான் கீழேயிருந்து மெல்ல நடந்து வருவேன். அந்த வெள்ளைக்குள் சிவப்பு மட்டும் வரும். அதன் பக்கத்தில் நீலம் இராது. அம்மா தனியத்தான் வருகிறா என்று, நான் கிட்டப் போக முதலே என் பிள்ளைக்கு விளங்கும். அப்போது அவளைக் கட்டிப்பிடித்து, சறுக்குகிற சனமெல்லாம் நின்று பார்க்க, வாய்விட்டு ஒப்புச் சொல்லி அழுவேன். அவளும் அழும்வரைக்கும் கையை எடுக்கமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
உங்கள் பிள்ளையின் தாய்,
றோசலின்