வேலிக்கு அப்பால் அடித்த முளைகள்

அன்புள்ள ரூனாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நியூசிலாந்தில் வசந்தம் பிறந்திருக்கும், இங்கே காலையில் புல்லின் மேல் வெண்பனி விழத் தொடங்கிவிட்டது. உடம்புக்குக் குறையில்லை, மற்றதெல்லாம் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அம்மா இன்னும் எஸ்டர்சுண்ட் நகரத்தில் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். இடுப்பு வலியோடு இன்னொரு குளிர்காலம் விறகு சுமக்க முடியாதாம். "வீடு சூடானா கூப்பிடுங்க, வரேன். இல்லேன்னா என் பூந்தொட்டிகளை இங்கயே அனுப்பிடுங்க" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். போன வருடம் நானே மண்ணுக்குள் குழாய் பதித்து, உறையாத திரவத்தை ஓடவிட்டு, நிலத்துச் சூட்டை வீட்டுக்குள் கொண்டுவரும் இயந்திரத்தைப் பொருத்தினேன் அல்லவா. ஆயுள் முழுக்க இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான், கணக்கில் பிழை இல்லை, நிலம்தான் போதவில்லை. நம் பங்கில் பாதி பாறை. ஈரமான ஆழமான மண்ணெல்லாம் பாகப்பிரிவினையில் உன் பெரியப்பா ஹால்வருக்குப் போய்விட்டது, தாத்தா எப்போதும் அவன் பக்கம்தான். அவனிடம் போய் நிற்பதைவிட இது மேல் என்று குழாய்களை நெருக்கிப் பதித்தேன். பாதிக் குளிர்காலத்திலேயே மண்ணின் சூடு தீர்ந்து, குழாயைச் சுற்றி நிலமே பனிக்கட்டியாகிவிட்டது. ஊரெல்லாம் புல் பச்சையான பிறகும் நம் நிலத்தில் மட்டும் குழாய் போன வழியெங்கும் வெள்ளைக் கோடுகள். ஹால்வர் டிராக்டரை நிறுத்தி, "டேய் தோர்கெல், நிலத்துக்கே கோடு போட்டுட்டியே வாத்தியாரே, பாடம் எப்ப எழுதப் போற?" என்று கத்தினான். ஊர் ஆண்கள் வேட்டைக் குடிசையில் கூடிக் காப்பி குடிக்கும்போதெல்லாம் இன்னும் இதுதான் சிரிப்பாம். உறைந்த மண் வீங்கி எல்லை வேலியின் கம்பங்களையும் கிளப்பித் தள்ளிவிட்டது. விழுந்த வேலியை அவனும் நிமிர்த்தவில்லை, நானும் நிமிர்த்தவில்லை.

இந்த முறை குழாய்களைத் தள்ளித் தள்ளிப் பதிக்கத் திட்டம் போட்டு, முளை அடித்துக் கயிறு கட்டிப் பார்த்தேன். எப்படி மாற்றிக் கட்டினாலும் பாதிக் குழாய்க்கு இடமில்லை, வேலியோடு கயிறு நின்றுவிடுகிறது. அம்மாவிடம் போனில் சொன்னால், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா நாக்கு உறைஞ்சா போயிடும்?" என்கிறாள். போனை வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை பார்க்கிறேன், என் கயிறுகள் நீண்டிருக்கின்றன. விழுந்த வேலியைத் தாண்டி அவனுடைய ஈர நிலத்துக்குள், புதிதாகச் சீவிய பிர்ச் மர முளைகள், வளைவு உட்பட எல்லாம் சரியான இடைவெளியில். எப்போது வந்து அளந்தான் என்று தெரியவில்லை. பக்கத்தில் அவனுடைய மண் தோண்டும் இயந்திரம், சாவியும் அதிலேயே. ஒரு வார்த்தை இல்லை. என்னால் ஆகாது என்பதை ஊருக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும் அவனுக்கு? பிடுங்கி எறியத்தான் போனேன். முதல் முளையைப் பிடித்தேன், நன்றாக ஆழமாக அடித்திருக்கிறான். விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நிலம் இறுகிவிட்டால் அப்புறம் வசந்தம்வரை எதுவும் இறங்காது. இந்த வீட்டில் நான் ஒருவனாகவே கிடந்து முடிவேன் போலிருக்கிறது. நீ கவலைப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு பிணக்கு வந்தால் அன்றே பேசித் தீர்த்துக்கொள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் வாழவேண்டும். அம்மாவிடம் முளைகளைப் பற்றி மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் உடனே இங்கே வரப் பெட்டி கட்டிவிடுவாள். பூந்தொட்டிகளை நான் இன்னும் அனுப்பவில்லை. இப்போதும் ஜன்னல் வழியே பார்க்கிறேன், இயந்திரத்தின் மேல் வெண்பனி படிந்திருக்கிறது, சாவியை அவன் இன்னும் எடுத்துப்போகவில்லை.

உன் அப்பா,
தோர்கெல்