குடலோடு வைத்த ஓரா மீன்

ஓகஸ்ட் 4, செவ்வாய்
கச்சான் காற்று. பாணிலும் மணல். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம், மடியில் மீன் பழுதாகாத ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஐஸும் இருபத்தெட்டு ஓரா மீனும். களப்பு மீனின் குடலில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்பதுதான் என் இறுதி வருட ஆராய்ச்சி. கம்பஸ் ஃப்ரீசர் போன கிழமை செத்துவிட்டது. திருத்தக் காசில்லை, அரசாங்கம் வெட்டிவிட்டதாம். வீட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆராய்ச்சியைப் பார்க்கும் மிஸ். உம்மாவிடம், சோதனை மீன், சமைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

நாளைக்கு: முன்னுரை. தலைக்கு எண்ணெய். செருப்பு தைக்க.

ஓகஸ்ட் 6, வியாழன்
மதுரங்குளிக்கு ஃபோட்டோக்கொப்பி எடுக்கப் போய் வந்தால் வீடெல்லாம் மீன் வாசம். உம்மா சமைக்கவில்லை. இருபத்தெட்டையும் முள் வெட்டி, குடல் எடுத்து, கழுவி, என் லேபலோடு அழகாக அடுக்கியிருந்தார்.

“கொடலோட யாராச்சும் மீன் வெப்பாங்களா மகள்? நாறிப்போகும்.”

குடல் பூனைக்கு.

கத்தினேன், வாயில் வந்ததையெல்லாம். உம்மா ஈரக்கையோடு நின்றார். பிழை என்னுடையது. குடல்தான் வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

ஓகஸ்ட் 7, வெள்ளி
மிஸ்ஸுக்குப் போன். வாகனம் இல்லை, படகுக்கு ஒதுக்கீடு இல்லை. சொந்தமாகப் பிடித்தால் பார்ப்போம் என்றார். ஜும்ஆ முடிந்து வந்த மாமாவிடம் கேட்டேன். படிக்கிற பிள்ளைக்கு ஒரு படகு கொடுக்க வக்கில்லாத கவுண்மெந்து என்று ஏசினார். நாளைக்குத் தன் படகில் களப்பில் உச்சமுனைப் பக்கம் கூட்டிப்போகிறாராம்.

ஓகஸ்ட் 8, சனி
மாமாவின் படகு. உடம்பெல்லாம் உப்பு. ஒரு தரம் வாந்தி. ஓரா முப்பத்தொன்று, முழுசாக! சந்தோஷம், சரியான சந்தோஷம். உம்மா ஃப்ரீசர் பக்கமே வரவில்லை.

ஓகஸ்ட் 10, திங்கள்
காலையில் கம்பஸில் எங்கள் துறையின் வட்ஸ்அப். பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கக் குடலைக் கரைக்கும் மருந்து முடிந்துவிட்டது, இந்த வருடம் வாங்குவதற்கில்லை. எல்லோரும் தலைப்பை மாற்றி, நூலகத்தில் வாசித்து எழுதிக் கொடுக்கவும்.

நாலு வருடப் படிப்பு. பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். முற்றத்தில் எத்தனை தரம் நடந்தேனோ. பகலைக்கு அந்த மீனை ஆக்கச் சொன்னேன். உம்மா கத்தியை எடுக்கவில்லை.

“நான் தொட மாட்டன் மகள். ஒருக்கா ஒன்ட படிப்பக் கெடுத்தது போதும்.”

நானே உட்கார்ந்து வெட்டினேன். மீன் சட்டிக்கு. முப்பத்தொரு குடலும் போத்தல்களில், லேபல் ஒட்டி, ஃப்ரீசரில்.