மீன்தொட்டி வீடு மாறிய வாரம்

ஆகஸ்ட் 30, சனி. இராஜபாளையம்

இம்புட்டு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததுக்கு மன்னிச்சிருங்க மாமா. பாப்பா இப்பத்தான் தூங்கினாள். உங்க ராணுவப் போஸ்டில் டவர் இல்லாதவரை இந்த டைரியில்தான் உங்களோடு பேச முடியும். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன், நீங்க மலையை விட்டு இறங்கும்போது மொத்தமாக வந்து சேரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூட வேலை உறுதியாகிவிட்டது. வீடும் அங்கேயே பார்த்தாச்சு. வியாழக்கிழமை பால் காய்ச்ச அத்தை நாள் குறித்துவிட்டார்கள். கட்டில், பீரோவெல்லாம் வண்டியில் ஏறிவிடும். உங்க கடல்தண்ணீர்த் தொட்டிதான் எனக்குப் பயம். தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி ஒட்டு விட்டுப்போகும். காலி செய்யலாம் என்றால் உள்ளே இருப்பது பூராவும் உயிர்.

வளர்ப்புமீன் கடை ஹபீப் ரகுமான் அண்ணன் வந்து பார்த்தார். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்கணுமாம். பழைய தண்ணீரைக் கேன்களில் பிடித்துவைத்து, கல்லில் ஒட்டி வளர்கிற பவளங்களை அந்தத் தண்ணீருக்குள்ளேயே டப்புக்கு மாற்றணும். கல்லையெல்லாம் எடுத்த பிறகுதான் மீனைப் பிடிக்கணும். மணலைக் கலக்கவே கூடாது, அடியில் தேங்கிய கெட்டது மேலே வந்தால் மீன் மிஞ்சாது.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொத்தான் பவளம் இருக்குல்ல மதினி, கையுறை இல்லாமத் தொட்டுறாதீங்க. அதுக்குள்ள விஷம் இருக்கு."

தெரியும். நீங்களும் சொல்லியிருக்கீங்க. கூடவே, எங்கம்மா காதில் போடாதே, தொட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிடும் என்றும்.

செப்டம்பர் 1, திங்கள்

அத்தை சோழபுரத்திலிருந்து வந்துவிட்டார்கள். வந்ததும் தொட்டிக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்கள். "மீனுக்குக் காத்து வருது. எனக்கு விசிறி மட்டையாவது உண்டாட்டி?"

பாப்பா சிரித்தாள். நானும்.

செப்டம்பர் 3, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் தொட்டியை இறக்கினோம். நினைத்ததைவிட அமைதியாக நடந்தது. ஹபீப் அண்ணன் ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். பவளங்கள் டப்பில், மீன்கள் மூடி போட்ட வாளியில், பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டாரோடு. கண்ணாடிப் பெட்டி காலி. பொத்தான் பவளக் கல்லுக்கு மட்டும் டப் போதவில்லை. அதைப் பெரிய பேசினில் கடல்தண்ணீரோடு கொல்லைக் குழாயடியில் வைத்தேன். பெரிய டப் எடுத்துவர அண்ணன் கடைக்குப் போனார்.

அத்தையிடம் சொன்னேன், அந்தப் பேசினை மட்டும் தொடாதீங்க என்று. ஏன் என்று கேட்டார்கள். அது மாமாவோடது என்றேன். அதுவா பதில்? ஆனால் அதைத்தான் சொன்னேன்.

புது வீட்டுக்குப் பழைய அழுக்கோடு ஒரு சாமானும் போகக்கூடாது அத்தைக்கு. அம்மி, குழவி, உரல் எல்லாத்துக்கும் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பவளம் மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊறிய தோல் மாதிரி, வழுவழுப்பாக, கவிச்சி நாற்றத்தோடு. நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்தபோது கல் பேசினுக்கு வெளியே கிடந்தது. ஆவி பறந்தது. அத்தை தேங்காய் நாரோடு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உன் புருசன் கல்லுல எம்புட்டுப் பாசி. கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன், இப்பத்தான் விட்டுக் குடுக்குது."

அவர்களை இழுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, கொல்லைக் கதவைச் சாத்தினேன். கையையும் முகத்தையும் கழுவவைத்தேன். சேலையை மாற்றச் சொன்னேன். ஒனக்கென்ன கிறுக்கா என்று திட்டினார்கள். பொறவு, வாயில் செம்பை நக்கின மாதிரி இருக்கு என்றார்கள். பொழுது சாயும்போது இருமல். நடுக்கம். மூச்சு இழுத்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. வைரல் காய்ச்சல்தான் என்று எழுதப் போன டாக்டரிடம் பவளத்தின் படத்தைக் காட்டினேன், வெந்நீர் ஊற்றியதையும் சொன்னேன். அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லையாம். ஆனாலும் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். கொதிநீர் பட்டால் அந்த விஷம் ஆவியோடு மூச்சுக்குள் போய்விடுமாம். மாற்று மருந்து கிடையாது, மூச்சைக் கவனிப்போம் என்று ஆக்சிஜன் வைத்து உள்ளே படுக்கவைத்தார்.

பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடு இல்லை. கொல்லைப் பக்கம் அவள் போகவே இல்லை. போகவில்லைதானே?

செப்டம்பர் 4, வியாழன்

விடியும்போது அத்தைக்கு மூச்சு சீரானது. முகமூடியை விலக்கிவிட்டுப் பேசிய முதல் வார்த்தை, "நாள் தவறக் கூடாது. போய்ப் பாலைக் காய்ச்சு."

போனேன். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில். பொங்கியது. ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.

தொட்டியை ஹபீப் அண்ணனே கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் நிரப்பினார். மீன்கள் பிழைத்துக்கொண்டன. மற்றப் பவளங்களில் பாதி விரிந்திருக்கிறது என்றார். அந்தக் கல்லை அண்ணன் மாஸ்க், கையுறையோடு எடுத்து, மூடி உள்ள வாளியில் பிளீச்சிங் தண்ணீரில் அமுக்கி வைத்திருக்கிறார். இனி அது வெறும் கல்.

செப்டம்பர் 5, வெள்ளி

இருமல் குறைந்துவிட்டது. இன்னொரு நாள் இருக்கட்டும் என்கிறார் டாக்டர்.

செப்டம்பர் 9, செவ்வாய். ஸ்ரீவில்லிபுத்தூர்

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நேற்று என் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். பாப்பாவை அத்தைதான் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் மாடிப்படி ஏறினால் இளைக்கிறது.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விஷம் என்று எனக்குத் தெரியும் என்பதையும், தெரிந்தே சொல்லாமல் இருந்ததையும். கத்துவார்கள் என்று நினைத்தேன். கையில் இருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

"அவனுக்குத் தெரியுமாட்டி?"

தெரியும் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"பிள்ளை தவழுத வீட்டுல."

துண்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார்கள்.

மற்றக் கற்களில் மீதம் இருந்த சின்னப் பொத்தான் பவளங்களையும் இன்று ஹபீப் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. மீன்களும் மற்றதும் இங்கேயே இருக்கும், நான் பார்த்துக்கொள்வேன்.

வந்ததிலிருந்து அத்தை என்னைத் திட்டுகிறார்கள், பால்காரரை, இந்த வீட்டு அடுப்படியை, கரண்டுக்காரனைக்கூட. உங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இதுவரை தினமும் பத்துத் தடவை உங்க பேரைச் சொல்வார்கள். இப்போது போன் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள்.

மாமா, இதற்கு நான் பதில் சொல்ல முடியாது. டவர் கிடைத்ததும் என்னிடம் பேசுவதற்கு முன்னால் அத்தையிடம் பேசுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.