ஒட்டியபடியே திரும்பி வந்த படம்

அன்புள்ள அண்ணைக்கு,

தனுஷாவின் உடுப்புப் பையை இன்று காலை தோய்க்கத் திறந்ததும், அம்மா உறையில் ஒட்டிவிட்ட டேப்தான் முதலில் கண்ணில் பட்டது. அது கொஞ்சமும் கிழியவில்லை.

எங்கள் தங்கச்சி பள்ளிக்கூடச் சுற்றுலா போய் வந்தாள். பிரான்ஸ், பெல்ஜியம், ஜேர்மனி எல்லாம் ஒரே பஸ்ஸில். களவாக எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரனோடு எங்களிடம் வரும்போது நீங்கள் கடைசியாகப் போன் எடுத்தது பெல்ஜியத்தில் இருந்துதானே. பஸ் அங்கேயும் போகும் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. உங்கள் படத்தைக் கோயில் திருநீறோடு உறையில் வைத்து, "தமிழ் ஆக்களைக் கண்டால் காட்டிக் கேள் பிள்ளை" என்று கொடுத்துவிட்டா.

நேற்று தனுஷா வந்து சப்பாத்துக் கழற்ற முதலே அம்மா கேட்டா.

"எல்லாரிட்டையும் காட்டினனியே?"

"ஓம் அம்மா. ஒருதருக்கும் தெரியேல்லை."

"அடுத்த முறை ஹொலண்ட் பக்கமும் போவினமோ? பேந்து படத்தைத் தா, சாமித்தட்டில வைக்க வேணும்."

தனுஷாவில் எனக்குக் கோபம் இல்லை. பஸ் தேவாலயங்களிலும் மியூசியங்களிலும்தான் நின்றதாம். சிநேகிதிகளுக்கு நடுவில் அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? நான் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே சென்ட் லோரன்ட்டில் பக்டரி வேலைக்குப் போகாமல், அந்த பஸ்ஸில் ஏறியிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அம்மா குளிக்கப் போனா. நான் டேப்பை உரித்துப் படத்தை எடுத்தேன். பலருடைய கை பட்டதுபோல மூலைகளை விரலால் தேய்த்து மடக்கி, சாமித்தட்டில் வைத்தேன்.

உங்கள் பெரிய தங்கச்சி