நெற்றிக்கு எட்டாத கை

சென்னை,
6.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இங்கே விடுதியில் ஞாயிறு மட்டும்தான் போன், அதுவும் வார்டன் மேசைக்கு முன்னால் பத்து நிமிடம். அங்கே சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

வலது தோள் வலிக்கிறது. காலையில் அறுபது பந்து, மாலையில் அறுபது. வீசும் கை காதருகே வரும்போது உள்ளே ஊசி இறங்குகிறது. எங்கள் கிரிக்கெட் கோச் தேவயானி மேடத்திடம் சொல்ல முடியாது. போன வருடம் தோள்வலி என்று சொன்ன பாண்டீஸ்வரியை ஒரே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அணியில் இல்லாதவளுக்கு விடுதியும் இல்லை, கல்லூரியும் இல்லை. ஊரில் திராட்சைப் பந்தல் வேலைதான். பிப்ரவரி முதல் தேதி மாநில அணித் தேர்வு.

அம்மா பந்தல் வேலைக்குப் போகையில் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையில் ஓர் அட்டை அனுப்பு.

உன் ஷெரின்

ராயப்பன்பட்டி,
11.1.2025

தங்கச்சி ஷெரினுக்கு,

இதனுடன் இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு என்றுதான் வாங்கினேன். மெடிக்கல் சுருளியாண்டி அண்ணன், "ஒங்க வீட்டுக்கு இனி மூட்டையாத்தேன் எறக்கணும் போல" என்று சிரித்தார்.

நாள் முழுக்கக் கையைத் தூக்கிப் பிஞ்சு கிள்ளுகிறோம். நீ ஒருத்தியாவது பந்தலுக்கு வெளியே நில்.

அக்கா அனிதா மேரி

சென்னை,
22.1.2025

அக்கா,

வலியே தெரியவில்லை. பந்து முன்பைவிட வேகம். "இப்பதான் கை நல்லா சுத்துது" என்றார் மேடம். சட்டையை மட்டும் இடக்கையால் மாட்டுகிறேன். நான்கு மாத்திரைதான் மிச்சம். இன்னும் ஓர் அட்டை அனுப்பு.

ஷெரின்

ராயப்பன்பட்டி,
29.1.2025

ஷெரின்,

மாத்திரை அனுப்பவில்லை. கோபித்துக்கொள்.

ஞாயிறு பூசையில் அம்மா சிலுவை போடக் கையைத் தூக்கினாள். மார்பைத் தாண்டவில்லை. தலையைக் குனிந்து நெற்றியைக் கைக்குக் கொண்டுபோனாள்.

"எத்தன நாளா இப்படி?" என்றேன்.

"ரெண்டு வருசமாச்சு ஆத்தா. வலி தெரிஞ்சிருந்தா ஒக்காந்திருப்பேன். மாத்திரையப் போட்டா எங்க தெரியுது?"

அவளுக்கு வாங்கித் தந்தது நான்தான். உனக்கும் நான்தான். மேடத்திடம் சொல்லிவிடு.

அனிதா

சென்னை,
3.2.2025

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. சனிக்கிழமை மிச்சமிருந்ததைப் போட்டுக்கொண்டு வீசினேன். மூன்று விக்கெட். மாநில அணிக்கு எடுத்துவிட்டார்கள்.

நேற்று பூசையில் கை எழவில்லை. குனிந்துதான் சிலுவை போட்டேன். அறைத்தோழி நதியா, "ஏய், செலக்ட் ஆனதும் பக்தி முத்திடுச்சா?" என்று கிள்ளினாள். அம்மாவும் அப்படித்தான் போடுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்று மாலை மேடத்திடம் சொல்லப்போகிறேன். அனுப்பிவிட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு நீ மட்டும் வா. அம்மா வேண்டாம். என் பெட்டியைப் பார்த்தால் வாங்கிக்கொள்ள அந்தக் கையை நீட்டுவாள்.

ஷெரின்