பதினொரு வீடுகள்

12 ஜூலை 1957

ஜும்ஆ முடிந்து வந்து மறுபடியும் அட்டவணைகள். கண் எரிகிறது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதியில் அறுபது வீடுகள், பிள்ளை பெற்ற அறுபது பெண்கள், அவர்கள் உடல்நலம் — இதுதான் என் எம்.ஏ. ஆய்வு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த விடுப்பு செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் சிங்கப்பூரில் பேராசிரியர் கையில் கொடுத்தாக வேண்டும். அறுபதுக்குக் குறையக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பெண்களிடம் இதையெல்லாம் நான் போய்க் கேட்க முடியாது. கேள்வித்தாளோடு போனது என் மனைவி நஜ்முன்னிசாதான். இங்கே செட்டிகள் குடியிருப்பான கம்போங் செட்டியின் பெண்களோடு அவர்கள் பேசும் மலாயிலேயே பேசுவாள்.

19 ஜூலை

கூட்டல் உதைக்கிறது. முதலிலிருந்து.

23 ஜூலை

பதினொரு தாள்கள் ஒரே மாதிரி. தூக்கம் நன்று, பசி நன்று, களைப்பு இல்லை. ஏழு பெற்றவளுக்கும் அதே பதில், இரண்டு பெற்றவளுக்கும் அதே பதில்.

“நானே எழுதினதுதான்” என்றாள் நஜ்முன்னிசா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

“அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாங்க மச்சான். எல்லாத்தையும் சொன்னாங்க. சொல்லிட்டு, ஜாங்ஙான் துலிஸ்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எழுதாதேன்னு கெஞ்சுறவங்ககிட்ட என்ன செய்யிறது? உங்களுக்கும் அறுபது வேணும்.”

கத்திவிட்டேன். ரெண்டு வருஷம்... ரெண்டு வருஷத்தையும் பாழாக்கிட்டியேன்னு. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

26 ஜூலை

அப்படியே விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சாயங்காலம் குழாயடியில் மீனாச்சியைப் பார்த்தேன். அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. ஒரு வாளித் தண்ணீரோடு வீடு போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்றாள். அவள் தாளில் களைப்பு இல்லை என்று இருக்கிறது. எனக்குத் தெரியுதே. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

3 ஆகஸ்ட்

அந்தப் பதினொரு தாள்களையும் எடுத்துவிட்டேன். அறுபதில் முப்பது பேர் நலம் என்றிருந்தது, நாற்பத்தொன்பதில் பத்தொன்பது ஆகிவிட்டது. எல்லா அட்டவணையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். முன்னுரையில் ஒரு வரி சேர்த்தேன்: ‘பதினொரு பெண்கள் பேசினார்கள், எழுத வேண்டாம் என்றார்கள்.’ நஜ்முன்னிசாவிடம் படித்துக் காட்டினேன்.

“பேர் இல்லையே?”

“இல்லை.”

“சரி.”

ஒரு வாரத்துக்கு மேல் கழித்து இன்றுதான் அவள் என்னோடு பேசினாள்.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை. ஊரே பண்டார் ஹிலிர் திடலில். நான் பதினான்காம் அட்டவணையில்.

9 செப்டம்பர்

தபாலில் சேர்த்தாயிற்று. முதுகு நிமிரவில்லை.

18 நவம்பர்

தேர்ச்சி. ‘எண்ணிக்கை போதாது’ என்ற குறிப்போடு. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, படுத்துத் தூங்கினேன்.

7 ஜனவரி 1958

தாய்சேய் நிலைய டாக்டர் சாரதாம்பாளுக்கு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். இன்று காலை காரில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்கத்தான் என்று அவசரமாகச் சட்டை மாற்றினேன்.

“அந்தப் பதினொரு பேர் யார்னு கேக்க வரல, சார். யார் போய்க் கூப்பிட்டா நிலையத்துக்கு வருவாங்க?”

நான் வாய் திறப்பதற்குள் நஜ்முன்னிசா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அஸர் தொழுகை நேரம் தாண்டித் திரும்பினாள். நாலு பேர் வந்தார்களாம்.

“யார் யார்?”

“அதைக் கேக்காதீங்க.”

கேட்கவில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனேன். சீனி எங்கே இருக்கிறது என்று கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.